ஏலம் வேண்டாம், பாடு போடுவோம்



நீளமான பதிவு. "சார் ஆரம்பிச்சிட்டார்" என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அது உங்கள் பணத்தைப் பற்றியது.

பொங்கல் கபடிக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம்ம பிள்ளைகள் இந்த வருஷம் 1,80,000 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மனசு. துபாயில் வெயிலில் நின்று சம்பாதித்த காசு, ஊருக்காக வருகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் போன வாரம் குரூப்பில் போட்ட செலவுத் திட்டத்தைப் பார்த்தேன். அதில் 80,000 ரூபாய் நாலு கெஸ்ட் பிளேயருக்கு. வெளி மாவட்டத்திலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்து, நம்ம ஊர் பனியனைப் போட்டு, காணும் பொங்கல் அன்று ஒரே ஒரு நாள் இறக்குவது. "போன வருஷம் முதல் சுற்றிலேயே தோத்துட்டோம் சார், இந்த வருஷம் மானம் போகக் கூடாது" என்று எனக்குத் தனியாக ஒரு செய்தியும் வந்தது. அனுப்பியவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பேர் சொல்லவில்லை. இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

கண்ணுகளா, நான் இதை எதிர்க்கிறேன். வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் எல்லோரும் புரோ கபடி பார்க்கிறவர்கள். 2017-ல் தமிழ் தலைவாஸ் வந்தபோது எப்படிக் குதித்தோம்! சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர். கமல்ஹாசன் விளம்பரத் தூதர். கேப்டன் அஜய் தாக்கூர், 2016 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஈரானைச் சாய்த்த ரெய்டர். பயிற்சியாளர் நம்ம தமிழ்நாட்டுக்காரர் காசிநாதன் பாஸ்கரன், 2014-ல் முதல் சீசனிலேயே ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இதற்குமேல் என்ன வேண்டும்? தன் பிரிவில் கடைசி இடம்.

2018-ல் மஞ்சித் சில்லார், ஜஸ்வீர் சிங் என்று பெரிய பெரிய பேர்களைச் சேர்த்தார்கள். மறுபடியும் பிரிவில் கடைசி. 2019-ல் ராகுல் சவுத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். அஜய், மஞ்சித், ராகுல் மூன்று பேரும் ஒரே அணியில். "இந்தத் தடவை கப் நமக்குத்தான்" என்று நம்ம டீக்கடையில் பந்தயமே நடந்தது. 12 அணிகளில் 12-வது.

மூன்று வருஷம், மூன்று கடைசி. அந்த மூன்று பேரும் சாதாரண ஆட்டக்காரர்கள் இல்லை. ஆனால் அஜய்க்கும் மஞ்சித்துக்கும் அப்போதே 33 வயது. மூன்று மாதம், 22 ஆட்டம், மேட்டுக்கு மேட் ஓட வேண்டும். பேருக்குப் பணம் கொடுத்தார்கள், காலுக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2017-ல் நம்ம அணியில் கே. பிரபஞ்சன் என்ற தமிழ்நாட்டு ரெய்டர் இருந்தார். நன்றாகவே பாடினார். அடுத்த வருஷம் அவரை விட்டுவிட்டார்கள். குஜராத் 38 லட்சத்துக்கு எடுத்தது. அந்த சீசனில் குஜராத் இறுதிப் போட்டி வரைக்கும் போனது. நம்ம அணி கடைசி.

இப்போது டெல்லியைப் பாருங்கள். தபாங் டெல்லி முதல் ஐந்து சீசனில் ஒரு தடவைகூட நாக்-அவுட் பக்கம் போகாத அணி. நம்மைவிட மோசமான ஜாதகம். 2018-ல் நவீன் குமார் என்ற 18 வயதுப் பையனை எடுத்தார்கள். ஏலத்தில் இல்லை. புரோ கபடியில் ஏலத்தைத் தவிர இன்னொரு வாசல் இருக்கிறது. இதுவரை ஏலத்துக்கே வராத இளம் பையன்களை "நியூ யங் பிளேயர்" என்ற கணக்கில், ஏலத்துக்கு முன்னாலேயே அணிகள் நேராக எடுத்துக்கொள்ளலாம். கோடியெல்லாம் கிடையாது. கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும். நவீன் வந்த வருஷமே டெல்லி முதல் முறையாக அடுத்த சுற்றுக்குப் போனது. 2019-ல் இறுதிப் போட்டி. 2022 பிப்ரவரியில் பாட்னாவை 37-36 என்று ஒரே புள்ளியில் ஜெயித்துக் கோப்பை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். கோப்பை வாங்கிய அந்த டெல்லி அணியில் வயதானவர்களும் இருந்தார்கள். மஞ்சித் சில்லார் இருந்தார், நம்ம தமிழ்நாட்டு ஜீவகுமார் இருந்தார். ஆக, பெரியவர்களே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. வீட்டுக்கு நடுத்தூண் வேறு, முட்டுக்கொடுக்கிற கழி வேறு. டெல்லிக்கு நடுத்தூண் அந்தப் பொடியன். பெரியவர்கள் முட்டுக் கழி. நம்மவர்கள் கழிகளாக வாங்கி அடுக்கிவிட்டுத் தூணைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் தமிழ் தலைவாஸுக்கும் புத்தி வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய சீசனுக்குப் பழைய பெரிய பேர்களை விட்டுவிட்டு இளசுகளை இறக்கினார்கள். 12-ல் 11-வது இடம். நம்ம ஆட்கள் உடனே கிண்டல் பண்ணினார்கள். விதைத்த மறுநாளே அறுப்பு கேட்கிற ஜனம் நாம். 2022-ல் கதை மாறியது. அந்த வருஷ ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்திருந்தார்கள். அதுவரை யாரும் போகாத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. சீசன் முழுக்க அவர் வெளியே. எல்லோரும் கதை முடிந்தது என்றார்கள். நான்கூட அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

அந்த வருஷம்தான் தமிழ் தலைவாஸ் முதல் முறையாக அரை இறுதிக்குப் போனது. யாரால்? நரேந்தர் என்ற பையனால். அதே இளம் வீரர் வாசல் வழியாக வந்தவன், அதுதான் முதல் சீசன். 240-க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தான். டிஃபென்ஸில் சாகர், சாஹில், மோஹித், ஹிமான்ஷு, நம்ம தமிழ்நாட்டு அபிஷேக் என்று எல்லாம் சின்ன வயசுக்காரர்கள். உ.பி. அணியை டை-பிரேக்கரில் தட்டிவிட்டு, அரை இறுதியில் புனேவிடம் 39-37 என்று தோற்றார்கள். இரண்டே புள்ளி. 2 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கியவர் வெளியே உட்கார்ந்திருக்க, பொடியன்கள் இழுத்துக்கொண்டு போன தேர் அது.

அதே பாதையில் போயிருக்கலாம். 2024 ஏலத்தில் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தார்கள். அந்த ஏலத்தின் உச்ச விலை அதுதான். 9-வது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல். ப்ளே-ஆஃப் இல்லை. இவர்களெல்லாம் நல்ல ஆட்டக்காரர்கள்தான். ஒரு ஆள் ஏழு பேர் ஆக மாட்டான், அவ்வளவுதான் விஷயம்.

நம்மைத் தோற்கடித்த புனே என்ன செய்தது? யுவ பல்தான் என்று தனியாக இளைஞர் பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறது. அங்கே பையன்களைச் சின்ன வயசிலேயே சேர்த்து, சோறு போட்டு, வருஷக்கணக்கில் பழக்குகிறார்கள். அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் மாதிரி இளசுகளை நம்பி அணியைக் கட்டினார்கள். 2024 மார்ச்சில் கோப்பை.

இதைப் பற்றி அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். "சார், இங்க பேஸ்பால்ல இதுக்கு ஒரு சட்டமே இருக்கு" என்றான். அவன் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே 1965-லிருந்து டிராஃப்ட் என்று ஒரு முறை. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆடுகிற, இன்னும் சம்பளம் வாங்காத பையன்களை எல்லா அணிகளும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். ஏலம் கிடையாது. வரிசையை எப்படி வைத்தார்கள் தெரியுமா? போன வருஷம் யார் கடைசியோ அவர்களுக்கு முதல் தேர்வு. ஜெயித்தவன் கடைசியில் வா. பணக்கார அணியே வருஷா வருஷம் நல்ல பையன்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் என்று ஒரு அணி. 2011, 2012, 2013 மூன்று வருஷத்தில் 324 ஆட்டம் தோற்றது. ஊரே சிரித்தது. கடைசி இடத்துக்குக் கிடைத்த முதல் தேர்வில் 2012-ல் கார்லோஸ் கொரியா என்ற 17 வயதுப் பையனை எடுத்தார்கள். 2017-ல் அந்த அணி தன் சரித்திரத்தில் முதல் கோப்பையை வாங்கியது. இதிலும் முழுக் கதையைச் சொல்லிவிட வேண்டும். 2013-ல் முதல் ஆளாக எடுத்தவன் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2014-ல் எடுத்தவன் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. வாய்ப்பு கிடைத்தால் மட்டும் போதாது, பார்க்கத் தெரிய வேண்டும். அதைவிட, 2017-ல் எதிரணியின் சைகைகளைக் கேமரா வைத்துத் திருடினார்கள் என்று பிற்பாடு வெளியே வந்தது. 2020-ல் தண்டனை கொடுத்தார்கள். 50 லட்சம் டாலர் அபராதம், அத்தோடு இரண்டு வருஷத்து டிராஃப்டில் முதல் இரண்டு சுற்றுத் தேர்வும் பறிபோனது. தப்புப் பண்ணியவனுக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிற உரிமையில்!

நம்ம நாட்டிலும் ஒரு தடவை இப்படி நடந்தது. 2008-ல் ஐ.பி.எல். ஆரம்பித்தபோது, 19 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையை ஜெயித்த பையன்களை ஏலம் விடாமல் வரிசை முறையில் பிரித்தார்கள். முதல் வாய்ப்பு டெல்லிக்கு. டெல்லி எடுத்தது பிரதீப் சங்வான் என்ற பந்துவீச்சாளரை. டெல்லியிலேயே வளர்ந்த விராட் கோலியை விட்டுவிட்டது, பெங்களூரு எடுத்துக்கொண்டது. வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் வளர்த்துக்கொள்வான். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

"சரி சார், அமெரிக்கா, ஐ.பி.எல்., இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். இந்த டிராஃப்ட் நமக்குப் புதுசே இல்லையப்பா. அதற்கு நம்ம ஏரியில் பேர் பாடு.

ஊரை விட்டுப் போய்ப் பிறந்த பேரப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். முகத்துவாரத்தை ஒட்டிய இடம் என்றால் எல்லோருக்கும் ஆசை. பணமுள்ளவன் வளைத்துப் போட்டுவிடக் கூடாது, பலமுள்ளவன் அடித்துப் பிடித்துவிடக் கூடாது என்று நம்ம முன்னோர் பாடு முறை வைத்தார்கள். சீட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வரும். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு அவனுக்கு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இப்படி வருஷா வருஷம் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிற பழக்கம் உண்டு. அமெரிக்காக்காரன் 1965-ல் கண்டுபிடித்ததை நம்ம ஆட்கள் வலையும் கையுமாக எப்போதோ செய்துவிட்டார்கள்.

பாட்டிலும் குறை இருக்கிறது. மறைக்க மாட்டேன். பாடு உரிமை உள்ள குடும்பத்துக்குத்தான் சீட்டு. உரிமை இல்லாதவன் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். இந்த ஏரியில் எத்தனை சண்டை அதனால் வந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அதனால்தான் சொல்கிறேன்: சீட்டுப் போடுவது மட்டும் நியாயம் ஆகாது. சீட்டில் யார் யார் பேர் எழுதியிருக்கிறது என்பதில்தான் பாதி நியாயம் இருக்கிறது.

இப்போது எனக்குக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன்.

2003 பொங்கல். அப்போது என்னிடம் படித்துவிட்டுப் பழவேற்காட்டில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் இருந்தான். ரெய்டர். ஒல்லி. ஆனால் அந்தக் கால் இருக்கிறதே, சேற்றில் நடந்து பழகிய கால், மணலில் பறக்கும். போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டு அவன் திரும்புவதை எதிரணிக்காரன் பார்த்து முடிப்பதற்குள் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பான். அப்பாவுக்குப் பாடு கிடையாது. கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைத்த குடும்பம். பையன் குறுவட்டத்தில் ஜெயித்து, மாவட்ட அணிக்கான பயிற்சி முகாமுக்குப் பேர் வந்தது. முகாம் சாயங்காலம். முடிகிற நேரமும், நம்ம கரைக்குக் கடைசிப் படகு கிளம்புகிற நேரமும் ஒன்று. பாலம் என்ற பேச்சே அப்போது இல்லை. நாலு நாள் பாதியிலேயே கிளம்பி ஓடி வந்தான். ஐந்தாம் நாள் "ஒழுங்கில்லாத பையன்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஆசிரியரை நான் குற்றம் சொல்லவில்லை. படகு நேரம் அவருக்குத் தெரியாது. போய்ச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். அரைப் பரீட்சை, விடைத்தாள் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பையன் மனசைத் தேற்றிக்கொண்டு பொங்கல் ஆட்டத்துக்குத் தயாரானான். ஊரே பார்க்கிற ஆட்டம். அவன் அம்மா புதுப் பனியன் தைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் நம்ம ஊரில் முதல் முறையாகக் கெஸ்ட் பிளேயர் கொண்டுவரலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. இரண்டு ரெய்டரை வெளியூரிலிருந்து எடுத்தோம். பையனை உட்கார வைத்தோம். ரூபாய் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பொருளாளர் யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

ஜெயித்தோம். கோப்பை இப்போதும் இருக்கிறது. வந்த இரண்டு ரெய்டர் பேரும் இன்று ஊரில் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. அந்தப் பையன் அன்று சாயங்காலம் என்னிடம் வந்து "சார், அடுத்த வருஷம் என்னை எடுப்பீங்களா?" என்று கேட்டான். "பார்க்கலாம்டா, நல்லா படி" என்றேன். அடுத்த வருஷமும் கெஸ்ட் பிளேயர்தான் வந்தார்கள். அவன் அதற்குப் பிறகு கோட்டுக்குள் கால் வைக்கவில்லை. இன்று மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கிறான். என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைப்பான். வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அந்த 2003-லிருந்து நம்ம ஊர் அணிக்கு என்ன ஆனது? கணக்குப் போடுங்கள். முதலில் இரண்டு பேர், பிறகு மூன்று, இந்த வருஷம் நாலு. ஏழு பேரில் நாலு பேர் வெளியாள். மிச்சம் மூன்று பேருக்கும் வயது 30-க்கு மேல். பதினைந்து வயதுப் பையன்கள் கரையில் உட்கார்ந்து மொபைலில் வீடியோ எடுக்கிறார்கள். ஆட வேண்டிய வயதில் பார்வையாளன் ஆக்கிவிட்டோம். தமிழ் தலைவாஸ் 2017-ல் ஆரம்பித்த தப்பை நாம் அதற்குப் பதினான்கு வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டோம். அவர்களுக்காவது நடுவில் ஒரு தடவை தெளிந்தது.

"நம்ம பக்கம் திறமை எங்க சார் இருக்கு? ஹரியானா பால், நெய், உடம்பு வேற" என்று ஒரு சாக்கு சொல்வீர்கள். ஹரியானாவில் வெறும் பால் நெய் இல்லை. ஊருக்கு ஊர் மைதானம், பழக்கிவிடப் பெரியவர்கள், ஜெயித்தால் ரயில்வேயிலும் போலீசிலும் வேலை என்ற நம்பிக்கை, இவ்வளவும் சேர்ந்துதான் ஆள் வருகிறான். நம்ம பக்கம்? 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதி நேர ஆசிரியர்களைப் போட்டார்கள், உடற்கல்வி, ஓவியம் எல்லாம் சேர்த்து. ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். தொடக்கப் பள்ளிக்கு அதுவும் இல்லை. என்னை மாதிரி இடைநிலை ஆசிரியர்தான் கணக்கும் சொல்லிக் கொடுத்து விசிலும் ஊத வேண்டும். ஆக, திறமை இல்லை என்று சொல்லாதீர்கள். பார்க்க ஆள் இல்லை என்று சொல்லுங்கள்.

திறமையா இல்லை? தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதுக்கு மேல் பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று 2016-ல் கோப்பை வாங்கினார். 1994 ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்த மணத்தி கணேசனைப் பற்றி இப்போது படமே வந்துவிட்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய பெண்கள் அணியின் துணைக் கேப்டன் கார்த்திகா, சென்னை கண்ணகி நகர்ப் பெண். பையன்கள் அணியில் வடுவூர் அபினேஷ். அரசாங்கம் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. கண்ணகி நகரில் பாலும் நெய்யுமா ஓடுகிறது? யாரோ ஒருத்தர் அந்தப் பிள்ளையைத் தினமும் பார்த்திருக்கிறார்கள். அதுதான் வித்தியாசம்.

இப்போது என் வேண்டுகோள்.

கெஸ்ட் பிளேயர் 80,000 ரூபாயை நிறுத்துங்கள். பொங்கல் ஆட்டத்தை இந்த வருஷம் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மாற்றுங்கள். பசியாவரம், இடமணி, இடமணி காலனி, ரஹ்மத் நகர், சாத்தான்குப்பம் என்று நம்ம பக்கத்து எல்லாப் பிள்ளைகளின் பேரையும் ஒரே பட்டியலில் எழுதுவோம். ஒரு பேரும் விடக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பட்டியல், அவர்களுக்கும் ஆட்டம். அணிக்கு ஊர்ப் பேர் வேண்டாம். பூநாரை, மடவை, கொடுவா, இறால் என்று நம்ம ஏரிப் பேர் வைப்போம். ஒவ்வொரு அணிக்கும் இரண்டு பழைய ஆட்டக்காரர்கள் பொறுப்பு. அவர்கள் முறை வைத்துப் பிள்ளைகளை எடுக்கட்டும். முதல் வருஷம் சீட்டுக் குலுக்கல். அடுத்த வருஷத்திலிருந்து தோற்ற அணிக்கு முன் வாய்ப்பு. ஒரு வருஷம் முடிந்ததும் எல்லாப் பேரும் மறுபடி பட்டியலுக்குத் திரும்பும். யாரும் யாருக்கும் சொந்தம் இல்லை.

எதிர்க்கேள்வி எனக்குத் தெரியும். முதல் வாய்ப்புக்காக வேண்டுமென்றே தோற்பார்களே? அமெரிக்காவிலும் அந்தத் தொல்லை வந்தது. பேஸ்பாலில் 2022-லிருந்து தோற்ற அணிகளுக்குள் குலுக்கல் போட்டுத்தான் முதல் தேர்வைக் கொடுக்கிறார்கள். நாமும் கடைசி இரண்டு அணிக்குள் சீட்டுப் போடுவோம். குலுக்கல் நமக்கா சொல்லித் தர வேண்டும்?

ஊர்ப் பெருமை போய்விடுமே என்பது இரண்டாவது. இதற்கு மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னியுங்கள். 32 வருஷம் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்த பிள்ளைகளை, பொங்கல் அன்றைக்கு மட்டும் நாம் தெருத் தெருவாகப் பிரித்து எதிரெதிரே நிறுத்துகிறோம். வாய்ச்சண்டையில் ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று நம்மில் யாருக்குத் தெரியாது? அந்தத் தெருப் பையன் இந்தத் தெருப் பையனுக்குச் சங்கிலி பிடித்து நிற்கட்டும். கைகோத்து நிற்காமல் கபடியில் டிஃபென்ஸ் கிடையாது. அதில் போகிற பெருமை போகட்டும்.

மூன்றாவது, ஆட்டம் சுவாரசியமாக இருக்காது என்பது. முதல் வருஷம் இருக்காது. ஒப்புக்கொள்கிறேன். தமிழ் தலைவாஸ் இளசுகளை இறக்கிய வருஷம் 11-வது இடம். அடுத்த வருஷம் அரை இறுதி. நமக்கு மூன்று வருஷம் கொடுங்கள்.

80,000 ரூபாயை என்ன செய்வது? வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் பழக்கிவிட ஒரு ஆளுக்கு மாதாமாதம் ஏதாவது. ஆடுகிற பிள்ளைகளுக்கு முட்டையும் சுண்டலும். மாவட்டத் தேர்வுக்குப் போகிற பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவு, இருட்டினால் திரும்பி வர ஒரு ஏற்பாடு, கூட ஒரு பெரிய ஆள். கூடப் போகிற வேலையை எனக்குக் கொடுங்கள். முழங்கால் வலிதான், ஆனால் பஸ்ஸில் உட்கார முடியும். கணக்கு நோட்டை வேறு யாராவது எழுதுங்கள். பொருளாளர் பதவி எனக்கு வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். மீஞ்சூர்ப் பக்கம் காவலுக்கு நிற்கிறானே, அவன் மகன் இப்போது எட்டாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நாலு பொடியன்களோடு பாடிக்கொண்டிருந்தான். அப்பன் கால் அப்படியே இருக்கிறது. விளையாட்டு முடிந்ததும் என்னிடம் ஓடி வந்து, "சார், பொங்கலுக்குச் சின்னப் பசங்களுக்கும் மேட்ச் இருக்குமா?" என்று கேட்டான்.

"பார்க்கலாம்டா" என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சனிக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் உங்கள் முடிவைக் கீழே எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பேர் போட்டுத் திட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாத்தியார்,
பசியாவரம்.